மாடு வெயிலுக்குப் பழகுமா?

சித்திரை, வைகாசியில் மத்தியானம் வரும் அழைப்புகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். “மாடு இளைக்குதுங்க சார், வாயில நுரை தள்ளுது.” தாராபுரம் பக்கம் ஒரு தோட்டத்துக்கு அப்படித்தான் போனேன். தாழ்வான ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் ஒரு ஜெர்சி கலப்புப் பசு நாக்கைத் தொங்கப்போட்டு நின்றது. 101, 102 டிகிரி ஃபாரன்ஹீட் காட்ட வேண்டிய தெர்மாமீட்டர் 105 காட்டியது. விலா ஏறி இறங்குவதை எண்ணினால் நிமிடத்துக்கு 90-க்கு மேல். பத்தடி தள்ளி, வேப்பமரத்தடியில், அதே வீட்டுக் காங்கேயம் பசு சாவகாசமாக அசைபோட்டுக்கொண்டிருந்தது. (மர நிழலும் கூரைச் சூடும் ஒன்றல்ல. அந்த வித்தியாசமும் இதில் உண்டு, மறுக்கவில்லை.)

கலப்புப் பசுவை மரத்தடிக்கு மாற்றி, உடம்பு முழுக்கத் தண்ணீர் விடச் சொன்னேன். அப்போது வீட்டுக்காரர் சொன்னதுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்: “கன்னுல இருந்தே இங்கதானுங்களே வளருது, போகப்போகப் பழகிருமுங்க.”

பழகும், ஓரளவுக்கு. வெயில் ஏறிய சில வாரங்களில் மாடு தீவனத்தைக் குறைக்கும், நிழல் தேடும், உடலுக்குள் உண்டாகும் சூட்டைத் தானே அடக்கப் பார்க்கும். பால் குறைவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் இது அந்த ஒரு மாட்டோடு முடிகிற சமாளிப்பு. கன்றுக்கு அப்படியே போய்ச் சேராது. இன்னும் சொன்னால், நிறைமாதத்தில் வெயிலில் வாடிய பசுக்களுக்குப் பிறந்த கிடேரிகள் பின்னாளில் பால் குறைவாகக் கொடுப்பதைத்தான் ஃபுளோரிடா ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

ஓர் இனமே வெயிலுக்குப் பொருந்திப்போவது வேறு கதை. 1493-இல் கொலம்பஸின் இரண்டாம் பயணத்தில் ஸ்பெயின் மாடுகள் கரீபியத் தீவுகளில் இறங்கின. தாங்க முடியாதவை செத்தன, அல்லது சினை பிடிக்காமல் நின்றன. தாங்கியவை கன்று போட்டன. அந்த வழியில் வந்த சில இனங்களுக்கும், அங்கேயே உள்ள செயின்ட் க்ரோய் தீவின் செனப்போல் இனத்துக்கும் இன்று வழவழவென்று குட்டை முடி. செனப்போலில் அதற்குக் காரணம் பால் சுரப்புக்கான புரோலாக்டின் ஹார்மோனை ஏற்கும் புரதத்தின் மரபணுவில் ஒரே ஒரு டி.என்.ஏ. எழுத்து விடுபட்டது என்று 2014-இல் கண்டுபிடித்தார்கள். தாய், தகப்பன் இருவரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும். அதைக் கலப்பின வழியில், அதிகப் பால் தரும் ஐரோப்பிய இனமான ஹோல்ஸ்டீனுக்குள் கொண்டுவந்தபோது, கோடையில் அந்த மாடுகளின் உடல்சூடும் பால் இழப்பும் மற்றவற்றைவிடக் குறைவாக இருந்தன. சரி, ஒரு மாட்டுத் தலைமுறைக்கு ஐந்து வருடம் என்று வைத்தால், 500 வருடத்துக்கு நூறு தலைமுறை. நம் தோட்டத்துக்காரர் எதிர்பார்த்ததோ ஒரே கோடையில்.

திமில் உள்ள நம் மாடுகளுக்கு அவகாசம் அதைவிடப் பல மடங்கு. சிந்துவெளிப் பக்கம் மனிதன் அவற்றைப் பழக்கியே சுமார் 8000 வருடம் ஆகிறது. அவற்றின் வியர்வைச் சுரப்பிகள் பெரியவை, தோலின் மேற்பரப்புக்கு நெருக்கமானவை. வெளிர்ந்த முடி, அடியில் கறுத்த தோல். சும்மா நிற்கும்போதே உடல் உண்டாக்கும் சூடு குறைவு. ஆய்வகத்தில் சில நாள் கருக்களை 41 டிகிரி செல்சியஸில் வைத்தால்கூட, ஹோல்ஸ்டீன் கருவைவிட, திமில் உள்ள பிராமன் இனத்தின் கரு தாக்குப்பிடிக்கிறது. கோடையில் சினை ஊசி போட்டும் கலப்பு மாடுகள் சினை நிற்காமல் போவதற்கு வெயிலும் ஒரு முக்கியக் காரணம்.

அதற்காக ‘நாட்டு மாட்டுப் பால் அமிர்தம்’ என்று விற்கிற கூட்டத்தில் நான் இல்லை. காங்கேயம் உழவுக்கும் வண்டிக்கும் உருவான இனம். இரண்டு மூன்று லிட்டரில் யாருடைய கடனும் அடையாது. பால் சுரப்பதே உடலைச் சூடாக்கும் வேலை, இரண்டையும் ஒருசேரக் கேட்டால் எங்கோ விட்டுக்கொடுக்க வேண்டும். பிரேசில்காரர்கள் நம் குஜராத்தின் கிர் மாட்டைக் கொண்டுபோய், எட்டில் ஐந்து பங்கு ஹோல்ஸ்டீன், மூன்று பங்கு கிர் என்று கணக்காகக் கலந்து கிரோலாண்டோவை உருவாக்கினார்கள்.

நம்மிடம் இல்லாதது அந்தக் கணக்குதான். நாட்டுப் பசுவுக்கு ஜெர்சி ஊசி போட்டால் கன்றில் 50 சதவீதம். அந்தக் கிடேரிக்கும் சுத்த ஜெர்சியே போட்டால் 75. அதன் கன்றுக்கும் அதையே போட்டால் 87.5. மூன்றே தலைமுறையில், 8000 வருடச் சொத்தில் எட்டில் ஒரு பங்குதான் மிச்சம். யாரும் திட்டமிட்டுச் செய்வதில்லை. ஊசி போட வருகிறவர் கையில் இருப்பதைப் போடுகிறார், நாமும் கேட்பதில்லை. உறைவிந்துக் குச்சியின் மேலேயே இனமும் காளை எண்ணும் அச்சாகியிருக்கும். வாங்கிப் படியுங்கள், தேதியோடு எழுதி வையுங்கள். பங்கு ஏறிவிட்ட மாட்டுக்குக் கலப்பினக் காளையின் குச்சி கிடைக்குமா என்று கேளுங்கள்.

அன்று சாயங்காலம் சூடு 102-க்கு இறங்கியது. இந்தப் பசு எத்தனாவது கலப்பு என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. உள்ளிருந்து அவர் மனைவிதான் விரல்விட்டு எண்ணிச் சொன்னார்: “இதோட அம்மாவுக்கும் ஜெர்சிதான், அம்மாயிக்கும் ஜெர்சிதானுங்க சார்.”