கண்ணுக்குச் சரி, ஸ்கேலுக்குத் தப்பு

ஒரு சுவரொட்டி பிடித்துப்போனால் அதை ரசனைக் கணக்கில் எழுதிவிடுகிறோம். ரசனைக்கும் பங்கு உண்டுதான். ஆனால் கிராஃபிக் டிசைனின் அடிப்படை விதிகளில் பெரும்பாலானவை கண்ணும் மூளையும் வேலை செய்யும் விதத்திலிருந்து வந்தவை.

நம் பார்வையில் கூர்மையாகத் தெரியும் பகுதி நடுவில் ஏறத்தாழ 2 டிகிரி மட்டுமே. கையை நீட்டிப் பிடித்தால் கட்டைவிரல் அகலம், அவ்வளவுதான். மற்றதெல்லாம் மங்கல். அதனால் கண் நொடிக்கு மூன்று நான்கு முறை இடம் விட்டு இடம் தாவுகிறது. அடுத்து எங்கே தாவுவது என்பதில் அந்த மங்கலான ஓரப்பார்வைக்குப் பெரிய பங்கு உண்டு. அங்கே எழுத்தைப் படிக்க முடியாது. அளவு, நிறம், சாய்வு, கருமை ஆகியவை தெரியும். தலைப்பைப் பெரிதாகவும் அடர்த்தியாகவும் வைப்பது இதற்காகத்தான். ஆனால் எல்லா வரியையும் தடித்த எழுத்தில் போட்டால் எதுவுமே எடுப்பாகத் தெரியாது.

கோடு, வடிவம், நிறம் எல்லாம் இருக்கட்டும். என்னைக் கேட்டால், இருப்பதிலேயே வலுவான கருவி வெற்றிடம்தான். ஒரு விசிட்டிங் கார்டில் பெயர், பதவி, நிறுவனம், தொலைபேசி, மின்னஞ்சல், முகவரி என ஆறு வரிகளைச் சம இடைவெளியில் அடுக்குங்கள். கண்ணுக்கு அது வெறும் பட்டியல். இப்போது மூன்றாவது வரிக்குக் கீழே மட்டும் இடைவெளியை இரண்டு மடங்காக்குங்கள். 'ஆள் யார்', 'எப்படித் தொடர்புகொள்வது' என்று இரண்டு தொகுதிகளாகப் பிரிந்துவிடும். அருகருகே இருப்பவற்றை மூளை ஒரே கூட்டமாக எடுத்துக்கொள்ளும் இந்தப் பழக்கத்தை உளவியலாளர் மாக்ஸ் வெர்தைமர் 1923இல் விளக்கினார். புதிதாக டிசைன் செய்பவர்கள் இங்கே பெட்டி கட்டத்தான் பார்ப்பார்கள். பெட்டி என்றால் கூடுதலாக நான்கு கோடுகள். அவையும் கண்ணை இழுக்கும்.

நிறமும் தனியாக நிற்பதில்லை. பாரிஸின் கோபெலின் நெசவுக்கூடத்தில் கருப்புச் சாயம் சோபிக்கவில்லை என்று புகார் வந்தபோது, பக்கத்து நூல்களின் நிறமே அதற்குக் காரணம் என்று கண்டறிந்தார் வேதியியலாளர் செவ்ரல். 1839இல் அதை நூலாகவே வெளியிட்டார். சாம்பல் பின்னணியில் வெளிர்நீல எழுத்து வைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். இணையத்தில் சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 ஒளிர்வு வேறுபாடு வேண்டும் என்பது, பார்வைக் குறைபாடு உள்ளவர்களும் படிக்க முடிய வேண்டும் என்பதற்கான அணுகல்தன்மை விதி.

அப்புறம், அளவுகோலை அப்படியே நம்பவும் கூடாது. ஆங்கில எழுத்துருக்களில் 'ஓ' என்ற வட்ட எழுத்தை, 'ஹெச்'சைவிடத் துளி உயரமாக வரைவார்கள். சம உயரத்தில் வரைந்தால் வட்டம் சின்னதாகத் தெரியும். வட்டத்துக்குள் முக்கோணம் இருக்கும் வீடியோ பிளே பொத்தானிலும் இதே சிக்கல். மென்பொருள் முக்கோணத்தைச் சுற்றியுள்ள செவ்வகத்தை அளந்து நடுவில் வைக்கும். பார்த்தால் முக்கோணம் இடப்பக்கம் ஒதுங்கியதுபோல் இருக்கும். ஏனென்றால் அதன் எடை மையம் இடதுபக்கக் கோட்டிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்திலேயே இருக்கிறது. முக்கோண அகலத்தில் ஆறில் ஒரு பங்கு வலப்பக்கம் நகர்த்தினால் அந்த மையம் வட்டத்தின் மையத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும்.