ராத்திரி எத்தனை தலையணை?

கொரோனா வந்து தேறியவர் மூச்சிரைக்கிறது என்று சொன்னால் நான் முதலில் கேட்பது இதைத்தான்: "ராத்திரி எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள்?"

2021இல் இரண்டாம் அலை ஓய்ந்த சமயம். லோடு ஏற்றி இறக்கும் வேலை செய்யும் நாற்பது வயதுக்காரர் ஒருவர் மனைவியோடு வந்தார். காய்ச்சல் விட்டு ஏழு வாரம் ஆகியிருந்தது. உடம்பில் தெம்பே இல்லை என்றார். கொரோனா அசதிதான் என்று அக்கம்பக்கத்தில் சொல்ல, தினமும் இரண்டு வேளை ஆட்டுக்கால் சூப் குடித்துக்கொண்டிருந்தார். என் கேள்விக்கு மனைவிதான் பதில் சொன்னார்: "மூணு வச்சாலும் படுக்க முடியலை சார். விடிய விடிய சுவத்துல சாஞ்சு உக்காந்திருக்காரு."

கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தினேன். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. எக்கோவில், அதாவது இதய ஸ்கேனில், பம்பிங் 30 சதவீதம். ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தன்னிடமுள்ள ரத்தத்தில் எவ்வளவு பங்கை வெளியே தள்ளுகிறது என்பதுதான் பம்பிங். 55க்கு மேல் இருக்க வேண்டியது. இதயம் தளர்ந்தால் காலிலும் நுரையீரலிலும் நீர் கட்டும்; படுத்தால் மூச்சு முட்டும். தலையணைக் கணக்கை நான் கேட்பது அதனால்தான். சூப்பில் போன உப்பும் நீர் கட்டத் துணைபோயிருக்கும்.

ஆஞ்சியோவில் அடைப்பு இல்லை. குடிப்பழக்கம், தைராய்டு, சர்க்கரை எதுவும் இல்லை. மிச்சம் இருந்தது அந்தக் காய்ச்சல்தான். கிருமியை எதிர்த்துக் கிளம்பும் நோய் எதிர்ப்புச் சக்தி சிலருக்கு இதயத் தசையையும் அழற்சிக்கு உள்ளாக்கிவிடும். அழற்சி தணிந்தாலும் தசை தளர்ந்து இதய அறை பெருத்துப்போவதுண்டு. நுரையீரல் சரியாகிவிட்டது என்பதால் இதயமும் தப்பியது என்று சொல்லிவிட முடியாது.

இதைப் படித்து எல்லாரும் பயப்பட வேண்டாம். 2020இல் ஜெர்மனியின் ஃப்ராங்க்ஃபர்ட்டில், தேறிய 100 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தபோது 78 பேரின் இதயத்தில் ஏதோ ஒரு மாற்றம் தெரிந்தது. உலகமே பதறியது. அப்புறம் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு வீரர்கள் 1,597 பேரைப் பரிசோதித்ததில் 37 பேருக்குத்தான் இதயத் தசை அழற்சி. ஆனால் அவர்களிலும் பலருக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. எனக்குக் கவலை தருவது அதுதான். தசையில் அழற்சி இருக்கும்போது ஓடினாலோ பாரம் தூக்கினாலோ இதயத்துடிப்பு தாறுமாறாகி உயிருக்கே ஆபத்தாகலாம். அழற்சி உறுதியானவர்கள் மூன்று முதல் ஆறு மாதம் கடும் உடற்பயிற்சி பக்கமே போகக் கூடாது.

காய்ச்சல் விட்ட பிறகும் நெஞ்சு வலி, படபடப்பு, மயக்கம், கால் வீக்கம், படுத்தால் மூச்சுத் திணறல் இருந்தால் சத்து மாத்திரையோடு நாள் கடத்தாதீர்கள். இ.சி.ஜி. மட்டும் சரியாக இருந்தால் போதாது. எக்கோவும், இதயத் தசை பாதிக்கப்பட்டிருக்கிறதா என்று காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையும் தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். வலியோ மூச்சுத் திணறலோ திடீரென்று வந்தால் நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

அவருக்கு மாத்திரைகள் தொடங்கினோம். ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் நின்றன. எட்டாவது மாதம் பம்பிங் 50ஐத் தொட்டது. "இனிமே மாத்திரையை நிப்பாட்டிடலாமா டாக்டர்?" என்றார். நான் சம்மதிக்கவில்லை. இப்படித் தேறியவர்கள் மருந்தை நிறுத்தியதும் பத்தில் நாலு பேருக்கு ஆறே மாதத்தில் இதயம் மறுபடி தளர்ந்ததை ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது. அதை அவர் மனைவிக்கும் சேர்த்தே விளக்கினேன். மாத்திரை டப்பா இப்போது அந்த அம்மாவின் பொறுப்பில் இருக்கிறது.