தள்ளாடும் நடைக்கு மார்பக ஸ்கேன் எதற்கு?

நன்றாக நடமாடிக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்குச் சில வாரங்களுக்குள் நடை தள்ளாடுகிறது, பேச்சு குழறுகிறது, எம்ஆர்ஐ எடுத்தால் பெரிதாக ஒன்றும் இல்லை. நரம்பியல் மருத்துவர் ஒரு ரத்தப் பரிசோதனை எழுதுகிறார், முடிவைப் பார்த்ததும் மார்பகத்தையும் சினைப்பையையும் ஸ்கேன் செய்யச் சொல்கிறார். வீட்டார் குழம்பிப் போவார்கள்.

சில புற்றுக்கட்டிகள், நரம்பணுக்களில் காணப்படும் புரதங்களைத் தாங்களும் தயாரிக்கின்றன. கட்டியை அழிக்கக் கிளம்பும் நோயெதிர்ப்பு மண்டலம் அதே புரதம் இருக்கிற மூளையையும் தாக்குகிறது. கட்டி இன்னும் சின்னதாக, எந்தத் தொந்தரவும் தராமல் இருக்கும்போதே நரம்புப் பிரச்சினை முந்திக்கொண்டு வருவது இதில் சகஜம். இந்தத் தாக்குதலின் தடயமாக ரத்தத்தில் ஆன்டிபாடிகள் மிதக்கும். அவற்றில் ஹூ என்ற ஆன்டிபாடி பெரும்பாலும் சிறு செல் நுரையீரல் புற்றையும், யோ என்ற ஆன்டிபாடி சினைப்பை அல்லது மார்பகப் புற்றையும் காட்டும்.

அவற்றைக் கண்டுபிடிக்கும் பழைய முறைதான் எனக்குப் பிடித்தது. எலியின் சிறுமூளையை, அதாவது நடையைச் சீராக வைக்கும் மூளைப் பகுதியை, மெல்லிய சீவலாக்கிக் கண்ணாடியில் ஒட்டி, அதன்மேல் நோயாளியின் சீரத்தை (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீரை) விடுவார்கள். ஆன்டிபாடி இருந்தால் தனக்குரிய புரதத்தைப் பிடித்துக்கொள்ளும், மற்றதெல்லாம் கழுவும்போது போய்விடும். அப்புறம் மனித ஆன்டிபாடியில் போய் ஒட்டும் ஒளிர்சாயத்தை விட்டு நுண்ணோக்கியில் பார்த்தால், யோ என்றால் சிறுமூளையின் பெரிய நரம்பணுக்களான பர்க்கின்ஜி செல்களின் உடல் பச்சையாக ஒளிரும், ஹூ என்றால் நரம்பணுக்களின் உட்கரு.

இதைப் படிக்க அனுபவம் வேண்டும். அதனால் பல லேப்கள் லைன் பிளாட் என்ற பரிசோதனையோடு நிறுத்திக்கொள்கின்றன: ஒரு பட்டையில் புரதங்கள் கோடு கோடாகப் பூசப்பட்டிருக்கும், எந்தக் கோடு கருக்கிறதோ அந்த ஆன்டிபாடி. சுலபம்தான், ஆனால் மங்கலான கோடுகள் அடிக்கடி பொய் சொல்லும். சிறுமூளைக் கோளாறே இல்லாத ஒருவருக்கு யோ லேசாகத் தெரிந்து, எலி மூளையில் ஒன்றும் ஒளிரவில்லை என்றால் அந்த ரிப்போர்ட்டை நம்பிப் பயப்பட வேண்டியதில்லை.

யோ, ஹூ வகையில் நரம்பணுவைக் கொல்வது பெரும்பாலும் டி செல்கள் என்ற வெள்ளை அணுக்கள். ஆன்டிபாடி வெறும் அடையாளம். இறந்த பர்க்கின்ஜி செல் திரும்ப முளைக்காது, ஆகவே கட்டியைத் தேடுவதில் அவசரம் காட்டுகிறார்கள். ஸ்கேனில் எதுவும் சிக்காவிட்டாலும் 4 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை, 2 வருடம் வரை திரும்பத் தேடச் சொல்கின்றன 2021இல் வந்த வழிகாட்டுதல்கள். 2007இல் நரம்பியல் மருத்துவர் ஜோசப் டால்மாவின் குழு விவரித்த, நரம்பணுவின் என்எம்டிஏ ஏற்பி என்ற புரதத்தைக் குறிவைக்கும் ஆன்டிபாடி வேறு ரகம். அது செல்லின் மேற்பரப்பைத் தாக்குவதால் சிகிச்சைக்குப் பலர் நன்றாகத் தேறிவிடுகிறார்கள். அதற்கு ரத்தத்தைவிடத் தண்டுவட நீர்ப் பரிசோதனையே நம்பகமானது.

இன்னொன்று, சாம்பிளை இம்யூனோகுளோபுலின் (தானமாக வந்த ரத்தத்திலிருந்து பிரித்த ஆன்டிபாடி மருந்து) ஏற்றுவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். ஏற்றிய பிறகு எடுத்தால் தானம் கொடுத்தவர்களின் ஆன்டிபாடியும் ரிப்போர்ட்டில் வரலாம்.