அவாய்டுக்குள் ஒரு காலிப் பாத்திரம்

கேரள எல்லையோரக் களியக்காவிளையில் பஸ்ஸுக்காக நின்றபோது, பக்கத்துக் கடைக்காரர் போனில் "ஆ ஆளெ ஒழிவாக்கணம்" என்றார். அந்த ஆளைத் தவிர்க்கணும் என்கிறார். 1956 வரை கேரளப் பக்கத்தோடு ஒரே நிலமாக இருந்த குமரி மாவட்டத்துக் காதுக்கு இந்த மலையாளம் புதிதல்ல. ஆனால் ஒழிவு என்றால் காலியிடம் அல்லவா? நம் வீட்டிலும் "பாத்திரத்தை ஒழிச்சுப் போடு", "கை ஒழியலை" என்கிறோம். காலியாக்குவது எப்படித் தவிர்ப்பதாக மாறியது?

ஆங்கிலத்தின் 'அவாய்ட்' வந்த வழியும் இதுவேதான். அதற்குள் இருக்கும் 'வாய்ட்' வெறுமையைக் குறிக்கும். காலி செய்வதைச் சொன்ன பழைய பிரெஞ்சு வினை ஒன்று, பிரான்ஸிலிருந்து வந்து இங்கிலாந்தைப் பிடித்த நார்மன்காரர்களின் பேச்சு வழியே இங்கிலாந்துக்குள் நுழைந்தது. பாத்திரத்தைக் காலி செய்வது, பிறகு இருக்கும் இடத்தையே காலி செய்துவிட்டுப் போவது, அப்புறம் ஆளையோ ஆபத்தையோ நெருங்காமல் இருப்பது என்று பொருள் நகர்ந்தது. இரண்டாவது பொருளை 1611-ஆம் ஆண்டு ஆங்கில பைபிளில் பார்க்கலாம். அரசன் சவுல் ஈட்டியை எறிய, தாவீது அவன் முன்னிருந்து இருமுறை 'அவாய்டட்' என்று வரும். எதைத் தவிர்த்தான் என்று அங்கே இல்லை. இடத்தைக் காலி செய்தான், அவ்வளவுதான்.

இன்று அப்படி எழுத முடியாது. தமிழில் ஒதுங்கு, ஒதுக்கு என்று இரண்டு உண்டு. நாயைக் கண்டால் சும்மா ஒதுங்கலாம். ஒதுக்குவதற்கு மட்டும் 'எதை' வேண்டும். அவாய்ட் இப்போது ஒதுக்கு கட்சி.

அவாய்டுக்கு அடுத்து வருவது வினையானால் அது 'இங்' ஒட்டோடுதான் வரும். 'டு கோ' வராது, 'கோயிங்'தான். 'டு' முதலில் 'நோக்கி' என்ற பொருளுடையது, விலகும் வினைக்கு அது ஒட்டாது என்று விளக்குவார்கள். மறுப்பதைச் சொல்லும் 'ரெஃப்யூஸ்' மட்டும் 'டு'வை ஏற்கிறதே! எனக்கு அந்த விளக்கம் பாதிதான் செரிக்கிறது. மனப்பாடம் செய்வதே மேல்.

இன்னொரு சறுக்கல், "அம்மா என்னைப் போகவிடாமல் தடுத்தாள்" என்பதற்கு அவாய்ட் போடுவது. தடுப்பதற்கு 'ப்ரிவென்ட்' இருக்கிறது. அவாய்டில் விலகுகிறவர் நாமேதான்.

இதையெல்லாம் படிக்காமலே வடசேரி பஸ் ஸ்டாண்டில் ஒரு பையன் நண்பனிடம் சரியாகச் சொன்னான்: "ரெண்டு நாளா என்னை அவாய்ட் பண்ணுதான்லே, போனே எடுக்கல."