கண்ணாடி இழைக்குள் மணி அடிப்பது யார்?

காரைக்குடியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். வீட்டுக்கு வந்துகொண்டிருந்த பழைய செம்புக் கம்பியைக் கழற்றிவிட்டு ஃபைபர் இழுத்துக் கொடுத்திருக்கிறார்கள். போன் நம்பர் மாறவில்லை. சுவரில் மாட்டிவிட்டுப் போன வெள்ளைப் பெட்டியின் பின்னால் அப்பா காலத்துக் கறுப்பு டயல் போனைச் செருகினால், அது பழையபடியே கணீரென்று அடிக்கிறது. "கண்ணாடியில் மின்சாரம் ஓடாது என்றுதானே படித்தோம்? மணியை ஆட்டும் மின்சாரம் எங்கிருந்து வருகிறது? முன்பெல்லாம் கரண்ட் போனாலும் போன் வேலை செய்யுமே, இப்போது ஏன் செத்துவிடுகிறது?" என்று கேட்கிறார். கூடவே ஒரு குறை: அழைப்பு வருகிறது, ஆனால் டயலைச் சுழற்றினால் எங்கும் போவதில்லை.

வெளிச்சம் வரும் பாதையை வேகமாகக் கடந்துவிடுகிறேன். ஜிபான் எனப்படும் முறையில் 1490 நானோமீட்டர் அலைநீள ஒளி உங்கள் வீட்டை நோக்கி வருகிறது. 1310 நானோமீட்டர் ஒளி அதே இழையில் திரும்பிப் போகிறது. நிறம் வேறு என்பதால் இரண்டும் மோதிக்கொள்வதில்லை. வரும் திசையில் நொடிக்கு சுமார் 2.5 ஜிகாபிட், போகும் திசையில் அதில் பாதி. தெருவில் எங்கோ ஒரு பிரிப்பான் அந்த ஒளியை 32 அல்லது 64 வீடுகளுக்குப் பங்கு வைக்கிறது. நாம் 'மோடம்' என்று சொல்லும் பெட்டி (சரியான பெயர் ஓஎன்டி) ஒளியை மின்துடிப்பாக்கி, உங்கள் பங்கை மட்டும் எடுத்து, வைஃபைக்கும் லேன் துளைகளுக்கும் கொடுக்கிறது. சரி, இதெல்லாம் டேட்டா சமாச்சாரம்.

அந்த லேன் துளைகளுக்குப் பக்கத்தில், கொஞ்சம் ஒடுங்கலாக, போன் படம் போட்ட ஒரு துளை இருக்கும். என்னைக் கவர்ந்தது அதுதான். அதன் பின்னால் உட்கார்ந்திருக்கும் சின்ன சில்லை 'ஸ்லிக்' என்பார்கள். அதற்கு ஒரே வேலை, போனை ஏமாற்றுவது. தான் இன்னும் எக்ஸ்சேஞ்சோடுதான் இணைந்திருக்கிறோம் என்று அந்தக் கறுப்பு போன் நம்பவேண்டும்.

எக்ஸ்சேஞ்ச் என்ன செய்தது? இரண்டு கம்பிகளுக்கிடையில் எப்போதும் 48 வோல்ட் நேர்மின்னோட்ட அழுத்தத்தை வைத்திருந்தது. ரிசீவர் கீழே இருக்கும்போது போனுக்குள் மணிச்சுருளும் அதோடு தொடராக ஒரு மின்தேக்கியும்தான் கம்பியில் இருக்கும். மின்தேக்கி நேர்மின்னோட்டத்தை விடாது. ஆகவே ஒன்றும் ஓடாது, போன் தூங்கும். ரிசீவரை எடுத்தால் சுற்று மூடிக்கொண்டு ஏறக்குறைய 20 மில்லிஆம்பியர் ஓடும். 'ஆள் எடுத்துவிட்டார்' என்று எக்ஸ்சேஞ்ச் தெரிந்துகொள்வது அதை வைத்துத்தான். மணி அடிக்க மாறுமின்னோட்டம் வேண்டும்: 70, 80 வோல்ட், நொடிக்கு 20 அல்லது 25 சுழற்சி. அதை மின்தேக்கி உள்ளே விடும், நாக்கு இரண்டு கிண்ணங்களுக்கிடையில் ஆடும். சிறுவயதில் போன் டப்பாவைத் திறந்து நோண்டிக்கொண்டிருந்தபோது யாரோ கூப்பிட்டுவிட்டார்கள். அந்த 80 வோல்ட் எப்படியிருக்கும் என்பது என் விரலுக்கு நன்றாகத் தெரியும்.

இப்போது பெட்டியைப் பாருங்கள். அதற்கு அடாப்டரிலிருந்து வருவதே 12 வோல்ட்தான். 12ஐ வைத்துக்கொண்டு 80ஐ எப்படிக் காட்டுவது?

பழைய டியூப் லைட் ஞாபகம் இருக்கிறதா? ஸ்டார்ட்டர் இரண்டு தரம் கண் சிமிட்டிவிட்டு விடுபடும். அந்தக் கணத்தில் குழாய் பற்றிக்கொள்ளும். பற்றவைத்தது சோக். சுருளில் ஓடும் மின்னோட்டத்தைத் திடீரென்று வெட்டினால் சுருள் அதை ஒப்புக்கொள்ளாது. ஓட்டத்தைத் தொடரச் செய்ய, கொடுத்த மின்னழுத்தத்தைவிடப் பல மடங்கை அதுவே உண்டாக்கிக் காட்டும். பத்தாம் வகுப்பில் மின்காந்தத் தூண்டல் என்று படித்த சங்கதிதான். ஸ்லிக்குக்குப் பக்கத்தில் பயறு அளவு, மொச்சை அளவில் ஒரு சுருள் இருக்கும். அதுதான் சோக். ஸ்டார்ட்டருக்குப் பதில் ஒரு டிரான்சிஸ்டர், நொடிக்கு லட்சக்கணக்கான தடவை மூடித் திறக்கிறது. ஒவ்வொரு வெட்டிலும் ஒரு எகிறல். ஒவ்வொரு எகிறலையும் ஒரு டையோடு வழியாக மின்தேக்கியில் சேமித்தால் 12 வோல்ட் ஏறி 80ஐத் தொடுகிறது.

இதைவிட அழகான இடம் ஒன்று உண்டு. டிரான்சிஸ்டர் ஒவ்வொரு தடவையும் எவ்வளவு நேரம் மூடியிருக்கிறது என்பதைக் கூட்டிக் குறைத்தால் வெளியே வரும் வோல்ட்டும் கூடிக் குறையும். பல சில்லுகள் மணி அலையின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்றபடி அந்த அளவையும் ஏற்றி இறக்குகின்றன. வேண்டியபோது மட்டும் உச்சத்துக்குப் போய், வேண்டாதபோது இறங்கிவிடுவதால் சூடும் குறைவு. நம் ஊர்த் தாளத்தையும் அதுவே பார்த்துக்கொள்கிறது: 0.4 நொடி மணி, 0.2 நொடி அமைதி, மறுபடி 0.4 நொடி மணி, அப்புறம் 2 நொடி ஓய்வு. 'ட்ரிங் ட்ரிங்' என்று நாம் இரட்டையாகச் சொல்வது இதனால்தான். வேறு நாட்டு அமைப்பை ஏற்றினால் அதே போன் வேறு தாளத்தில் அடிக்கும்.

மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே நீங்கள் ரிசீவரை எடுப்பீர்கள். அந்த நேரம் கம்பியில் 80 வோல்ட் ஆடிக்கொண்டிருக்கிறது. அப்படியே விட்டால் காதில் இடி விழும். ஆகவே மணி மின்சாரத்தின் அடியில் கொஞ்சம் நேர்மின்னோட்டத்தையும் கலந்து அனுப்புகிறார்கள். போன் கீழே இருக்கும்வரை மின்தேக்கி அதைத் தடுத்துவிடும். எடுத்ததும் அது ஓட ஆரம்பிக்கும். அவ்வளவு பெரிய அலையாட்டத்துக்கு நடுவே அந்தச் சிறு நகர்வைக் கண்டுபிடித்து, கண்ணிமைக்கும் நேரத்தில் சில்லு மணியை நிறுத்திவிடுகிறது.

அந்த 48க்கு முன்னால் ஒரு கழித்தல் குறியும் உண்டு. எக்ஸ்சேஞ்சில் பேட்டரியின் நேர்முனையைத்தான் பூமியோடு இணைப்பார்கள். மின்னாற்பகுப்பில் கரைவது நேர்மின்வாய். கம்பி மண்ணைவிட எதிர்மின் நிலையில் இருந்தால் ஈரத்தில் கிடந்தாலும் செம்பு அரிக்காது. கிலோமீட்டர் கணக்கில் புதைத்த கேபிளுக்கு அது உயிர்க்காப்பு. இன்று பெட்டிக்கும் போனுக்கும் நடுவே இரண்டு மீட்டர் கம்பி, அதுவும் டீப்பாய்க்குப் பின்னால். இருந்தும் சில்லு மைனஸ்தான் கொடுக்கிறது. பழக்கதோஷம்.

குரலைப் பற்றிச் சுருக்கமாக. உங்கள் பேச்சை நொடிக்கு 8000 தடவை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட்டில் எழுதினால் 64 கிலோபிட். வழக்கமாக 20 மில்லிநொடிக்கு ஒரு பொட்டலமாகக் கட்டி அனுப்புவார்கள். அதாவது நொடிக்கு 50 பொட்டலம். பிள்ளைகள் படம் இறக்கினாலும் குரல் திக்காமலிருக்க, பெட்டி இந்தப் பொட்டலங்களை வரிசையில் முன்னால் விடுகிறது. போன் கம்பி இரண்டே. போகும் குரலும் வரும் குரலும் அதே இரண்டில்தான். பிரிக்கும்போது கொஞ்சம் கசிந்து எதிரொலியாகும். பொட்டலம் கட்டும் தாமதத்தால் அந்த எதிரொலி காதுக்குத் தனியாகத் தெரியும் என்பதால், அதைக் கணித்துக் கழித்துவிட ஒரு நிரலும் ஓடிக்கொண்டிருக்கும்.

கரண்ட் கேள்விக்கு வருகிறேன். முன்பு உங்கள் போனுக்குச் சோறு போட்டது எக்ஸ்சேஞ்சின் பேட்டரி அறை. 2 வோல்ட் ஈயச் செல்கள் 24, தொடராக. ஊரே இருண்டாலும் அவை கம்பி வழியே உங்கள் வீடு வரை வந்து போனை உயிரோடு வைத்தன. கண்ணாடி இழை செய்தியைக் கொண்டுவரும், சோறு கொண்டுவராது. ஆகவே பெட்டி உங்கள் வீட்டு பிளக்கையே நம்பியிருக்கிறது. மோடத்துக்கென்றே விற்கும் 12 வோல்ட் குட்டி யுபிஎஸ் ஒன்று வாங்கி வையுங்கள். பெட்டியில் ஒட்டினால் 'கதிர்வீச்சு குறையும்' என்று ஸ்டிக்கர் விற்பவரிடம் ஏமாறுவதற்கு அந்தக் காசு எவ்வளவோ மேல். ஸ்டிக்கர் நிஜமாகவே வேலை செய்தால் முதலில் உங்கள் வைஃபைதான் படுக்கும். ஆயுத பூஜைச் சந்தனத்தையும் காற்றுத் துளைகளின் மேல் அப்பாதீர்கள்; மேலே ஒரு பொட்டு போதும், சரஸ்வதி கோபித்துக்கொள்ள மாட்டாள்.

குரலையும் டேட்டாவையும் ஒரே பெட்டியில் கொடுப்பது நம் ஊருக்குப் புதிதில்லை. 1990களில் ஐஐடி மெட்ராஸில் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் டெனெட் குழு 'கார்டெக்ட்' என்ற கம்பியில்லா இணைப்பை உருவாக்கியது. கூரையில் ஆன்டெனா, சுவரில் ஒரு பெட்டி, அதில் போனுக்கு ஒரு துளை, கணினிக்கு ஒரு துளை. நொடிக்கு 35 முதல் 70 கிலோபிட் கிடைத்தது. மேலூர் பக்கத்துக் கிராமங்கள் இன்டர்நெட் பார்த்தது அதில்தான். 1984இல் தொடங்கிய சி-டாட் என்ற அரசுத் தொலைத்தொடர்பு ஆய்வு நிறுவனம், குளிர்சாதனம் இல்லாமலே கிராமத்து வெயிலைத் தாங்கும் 128 துளை எக்ஸ்சேஞ்சைச் செய்துகாட்டியது. அந்தக் காலத்தில் அரசு கொடுத்த பணமும் பொறுமையும் பிறகு ஏன் வற்றிப்போயின என்பது எனக்குத் தீராத ஆதங்கம். நான் பிரித்துப் பார்த்த எந்தப் பெட்டியிலும் ஸ்லிக் சில்லு உள்ளூர்ச் சரக்காக இல்லை.

கடைசியாக அந்த டயல். 5ஐச் சுழற்றி விட்டால், அது திரும்பும்போது கம்பியை ஐந்து தடவை வெட்டி இணைக்கும், நொடிக்குப் பத்து வெட்டு வேகத்தில். 0 என்றால் பத்து வெட்டு. ஓட்டத்தை அளக்கும் ஸ்லிக்குக்கு இந்த வெட்டுகள் தெரியத்தான் செய்யும். பெட்டியின் நிரல் அவற்றை எண்ணத் தயாராக இல்லாவிட்டால், போனை யாரோ வைத்து வைத்து எடுக்கிறார்கள் என்று நினைத்துச் சும்மா இருந்துவிடும். 'பல்ஸ் டயலிங்' அமைப்பு உள்ளே இருக்கிறதா என்று லைன்மேனிடம் கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் ஒரு பட்டன் போனை வாங்கி, இணையாகப் பக்கத்தில் மாட்டிவிடுங்கள். புது போன்கள் மணி அடிக்க எடுத்துக்கொள்ளும் மின்சாரம் சொற்பம், இரண்டையும் பெட்டி சமாளித்துவிடும். கூப்பிடுவதற்குப் பட்டன் போன். மணியை அப்பாவின் போனே அடிக்கட்டும்.