காந்த வரைபடத்தின் சிவப்பைப் பார்த்துத் துளை போடாதீர்கள்

மறுபடியும் அதேதான். விமானத்தில் பறந்து நிலத்தின் காந்தப்புலத்தை அளந்து வரைந்த வண்ண வரைபடம்; சிவப்பு என்றால் அளவு அதிகம், நீலம் என்றால் குறைவு. அதன் நடுவே பளிச்சென்று ஒரு சிவப்புத் திட்டு. தாமிரம் தேடி அதன்மேல் துளையும் போட்டாகிவிட்டது. வெளியே வந்த கோர் (துளையிலிருந்து எடுக்கும் உருளைப் பாறைத் துண்டு) முழுக்க டோலரைட் என்ற கறுத்த தீப்பாறை. தாமிரத்தின் சுவடுகூட இல்லை. ஒரு சின்னக் காந்தத்தைத் தொங்கவிட்டால் கோரை நோக்கி இழுபடுகிறது. "சர்வே ஏமாற்றிவிட்டது" என்கிறார்கள். கீழே மேக்னட்டைட் என்ற காந்தம் மிகுந்த இரும்புக் கனிமம் இருக்கிறது என்றது சர்வே. இருந்தது!

எத்தனை முறை சொல்வது? காந்தமானிக்குத் தாது தெரியாது. அது உணர்வது பெரும்பாலும் மேக்னட்டைட்டை, சில இடங்களில் பைரோடைட் என்ற இரும்புச் சல்பைடை. தங்கத்துக்கும் சால்கோபைரைட் என்ற தாமிரத் தாதுவுக்கும் காந்தம் இல்லையென்றே வைத்துக்கொள்ளலாம். ஹேமடைட் இரும்புத் தாதுவேதான், ஆனாலும் அதன் காந்தம் சொற்பம். சூடான கனிமக் கரைசல்கள் ஊடுருவிய பாறையில் மேக்னட்டைட் சிதைந்துபோவதும் உண்டு. அங்கே நீங்கள் தேடுவது நீலத்தில் கிடக்கும். காந்த நடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளில் காந்தப் பாறைக்கு நேர்மேலேயே அளவு குறைவாகப் பதிவாகும். பாறை உருவானபோதே அதில் பதிந்துவிட்ட எஞ்சிய காந்தம் எதிர்த்திசையில் உறைந்திருந்தாலும் அப்படித்தான்.

ஆஸ்திரேலியாவின் ஒலிம்பிக் டேம் என்ற பெரும் தாமிரப் படிவு 1975-ல் கண்டுபிடிக்கப்பட்டபோது அதன்மேல் 300 மீட்டருக்கும் அதிகமான படிவுப் பாறை மூடியிருந்தது. காந்தப் படத்தை மட்டும் நம்பி அங்கே துளையிடவில்லை. ஈர்ப்பு அளவீடு, நிலவியல் கருதுகோள், பெரும் பிளவுக் கோடுகள் எல்லாம் சேர்ந்தே இடத்தைக் காட்டின.

காந்தப் படத்தை அடிப்பாறையின் அமைப்பை வரையப் பயன்படுத்துங்கள். டைக்குகள் (பிளவில் ஊடுருவி உறைந்த, சுவர் போன்ற பாறைகள்), பிளவுகள், பாறை எல்லைகள், மடிப்புகள்: அதன் பலம் அங்கேதான்.

முதலில் வண்ண அளவுகோலைப் பாருங்கள். சிவப்புக்கும் நீலத்துக்கும் இடையே 20 நானோடெஸ்லாவா (காந்தப்புலத்தின் அலகு), 2000-மா? விமானம் பறந்து அளந்த கோடுகளுக்கு இடையே 400 மீட்டர் இருந்தால், நடுவில் தெரியும் 100 மீட்டர் அகலத் திட்டை நம்பாதீர்கள். கணினி இட்டு நிரப்பியது அது. ஆழத்தை ஒற்றை எண்ணாக எழுதித் தராதீர்கள். ஆழமற்ற அகன்ற பாறையும் ஆழத்திலுள்ள செறிந்த பாறையும் ஒரே வளைவைத் தரக்கூடும். (முப்பரிமாண மாதிரி அழகாக இருப்பதால் இது மாறிவிடாது.)

தயவுசெய்து, எடுத்த ஒவ்வொரு கோரிலும் காந்த ஏற்புத்திறனை (பாறை எவ்வளவு எளிதில் காந்தமாகும் என்ற அளவு) அளந்து குறித்து வையுங்கள். கையடக்கக் கருவிக்குச் சில நொடி வேலை. அந்த எண்கள் இருந்தால்தான் அடுத்த துளைக்கு முன் என்னால் உருப்படியாக ஏதாவது சொல்ல முடியும்.