மனநல ஓபி-ல கார்டு இல்லன்னு திருப்பி அனுப்பினா என்ன கேக்கணும்

2021 ரெண்டாவது அலையில வீட்டுக்காரரை கொரோனாவுக்கு பறிகொடுத்த எங்க தெரு அக்கா ராத்திரி பூரா முழிச்சே கெடந்தாங்க, அவங்கள கெஞ்சி கூத்தாடி அரசு ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போனா சீட்டு போடற இடத்துல ரேஷன் கார்டு எங்க, அட்ரஸ் வேற மாவட்டமா இருக்கேன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. டெத் சர்டிபிகேட் இருந்த மஞ்சப்பைய சுருட்டி கக்கத்துல வச்சுகிட்டு "விடு தம்பி, எனக்கு ஒண்ணுமில்ல"ன்னாங்க. மறுபடி கூட்டிட்டு போக மூணு மாசம் ஆச்சு.

இதுக்கு சட்டம் இருக்கு. மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017, அமலுக்கு வந்தது 2018 மே மாசம். பிரிவு 18-ஐ மட்டும் போன்ல சேவ் பண்ணி வச்சுக்கோங்க. வறுமைக்கோட்டுக்கு கீழ இருக்கறவங்களுக்கு அரசு மனநல சிகிச்சை இலவசம், *கார்டு இருந்தாலும் இல்லாட்டியும்*. அப்படியே எழுதியிருக்கு, ஆனாலும் கார்டைத்தான் கேக்கறாங்க.

அடுத்தது "ஸ்டாக் இல்ல, வெளிய வாங்கிக்கோங்க". அத்தியாவசிய மருந்துப் பட்டியல்ல உள்ள மனநல மாத்திரைய அரசு ஆஸ்பத்திரி சும்மா தரணும், அதனால இல்லன்னு வாயால சொன்னா நகராதீங்க, சீட்டுலயே எழுதித் தர சொல்லுங்க. மறுத்தா அங்க பொறுப்புல இருக்கற டாக்டர்கிட்ட எழுத்துல புகார், அதோட நகல் ஒண்ணு உங்க கையில இருக்கணும்.

தாலுகா ஆஸ்பத்திரியில மனநல டாக்டர் தினமும் இருக்க மாட்டாங்க, குறிப்பிட்ட நாள்லதான் வருவாங்க, கூலிய விட்டுட்டு பஸ் ஏறுறதுக்கு முன்னாடி எந்த நாள்னு விசாரிச்சுடுங்க. 14416-க்கு போன் போட்டு கேக்கலாம், டெலி மானஸ்ங்கற அரசு மனநல உதவி எண் அது, 2022 அக்டோபர்ல ஆரம்பிச்சது, 24 மணி நேரமும் இலவசம், தமிழ்லயே பேசலாம்.

இன்சூரன்ஸ் இருக்கறவங்களுக்கு: உடம்பு நோய்க்கு இருக்கற மாதிரியே மனநோய்க்கும் கவர் தரணும், பிரிவு 21 சொல்லுது. ஆனா பெரும்பாலான பாலிசி அட்மிட் ஆனாத்தான் காசு தரும், கவுன்சிலிங் பில்லுக்கும் மாச மாத்திரைக்கும் ஓபிடி கவர், அதாவது அட்மிட் ஆகாம பாக்கற சிகிச்சைக்கான கவர், தனியா இருக்கணும். ஏற்கனவே மாத்திரை சாப்பிடறத ஏஜென்ட் பேச்சை கேட்டு மறைச்சீங்கன்னா பின்னாடி க்ளெய்ம் கைவிட்டு போயிடும்.

2020 லாக்டவுன்ல பஸ் இல்லாம மாத்திரை நின்னு போய் மறுபடி மோசமானவங்கள நான் பாத்திருக்கேன். அட்டையில ஒரு வாரத்துக்கு மாத்திரை மிச்சம் இருக்கும்போதே கிளம்பிடுங்க, பழைய சீட்டையும் காலி அட்டையையும் கையோட எடுத்துட்டு போங்க.